ரிவர்ஸ் கியர் காலனியின் எறும்புகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ரிடையர்டு டிரைவர் ஆறுமுகநயினார் வீட்டு வடக்குச் சுவரில் எறும்புகள் கூடி நின்று 287 என்று எழுதியிருந்தன, ஒவ்வொரு எண்ணும் ஒரு முழ உயரம், சுண்ணாம்பு வெள்ளையில் கன்னங்கரேலென்று, பஸ்ஸின் நெற்றியில் தடம் எண் இருக்குமே அவ்வளவு தெளிவாக, நடுநடுவே ஒன்றிரண்டு எறும்புகள் வரிசை பிசகுவதும் பின்னால் நிற்பவை இடித்துச் சரிசெய்வதுமாக. நயினார் பாயில் உட்கார்ந்தபடியே வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் மூக்குக்கண்ணாடி போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான். எறும்பு அல்ல.

"ஏட்டி பகவதி, சுவத்துல என்னமோ போட்டிருக்கு பாரு."

அவர் மனைவி பகவதி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"ஒங்க சீனி," என்றாள். "நேத்து பொரியோட அத்தன வெல்லத்தையும் அள்ளித் தின்னா எறும்பு பின்ன என்ன எழுதும், ஸ்ரீராமஜெயமா? இன்னைக்கு ரெண்டு இட்லிதான்."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்த விளக்குமாற்றை எடுத்துப் புறவாசலில் கொண்டுபோய் வைத்தாள், யாரும் மறந்துபோய் அந்தச் சுவரைத் தட்டிவிடக் கூடாது என்று. அதிசயம் அந்த வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். வேறு ஆரவாரம் இல்லை.

வள்ளியூருக்குத் தெற்கே, பஸ் டிப்போவின் பின்மதிலை ஒட்டி, ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்து வீடு கட்டிக்கொண்ட தெருக்கள் உண்டு. பத்திரத்தில் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது. ஊரில் சொல்வது ரிவர்ஸ் கியர் காலனி. ஆயுள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்து, நேரம் தப்பிச் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டு டீயில் கரண்டி கரண்டியாகச் சீனி போட்டுக் குடித்தவர்களுக்கு என்ன வருமோ அது அங்கே எல்லோருக்கும் வந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டு 'நலவிழி' என்று ஒரு கம்பெனிக்காரர்கள் கோடைக்கு முன்னால் வந்து, சீனிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இலவசமாக ஆளுக்கொரு வாட்ச் கட்டிவிட்டுப் போனார்கள். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், மணிக்கட்டைத் தொட்டே சீனியைச் சொல்லும் என்றார்கள். சொல்லத்தான் சொன்னது. யாருக்குச் சொன்னது என்பதுதான் தெரியவில்லை.

எழுத்து கடுகு அளவு, அதுவும் கறுப்புக் கண்ணாடியில் சாம்பல் நிறம். தொட்டால் விழிக்கும், மூக்குக்கண்ணாடியை எட்டி எடுப்பதற்குள் தூங்கிவிடும். மறுபடி தொட்டால் நீங்கள் யார் என்று கேட்கும். நான்தான் என்று அமுக்கினால் ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணோ ஓசூரில் ஷிப்டில் நிற்கிற மகள் செல்வராணியின் போனுக்குப் போகும். அவள் டீ இடைவேளையில் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் எண்ணுக்கு ஆயுசு முடிந்து, வாட்ச் மறுபடி தூங்கியிருக்கும். இதெல்லாம் சரியாக நடக்கிற நாளில். மற்ற நாளில், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிப்போன நயினாரின் கட்டைவிரலை அந்தக் கண்ணாடி மனித விரல் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அவர் தட்டுவார். அது கிடக்கும். பகவதி மாவுக் கையோடு ஓடிவந்து தட்டுவாள். அது கிடக்கும்.

"எம்மேல வழக்குப் போட்டிருக்கு போல. சாட்சி இல்லாம பேச மாட்டேங்குது," என்பார் நயினார்.

சிரிக்கிற காரியமாக அது இல்லை. அவருடைய வலது காலில், சுண்டுவிரலை ஒட்டி, ஒரு புண் இருந்தது. வலது கால் என்றால் ஆக்ஸிலேட்டர் கால், பிரேக் கால், மலைப்பாதையில் எத்தனையோ பஸ் ஜனத்தைப் பத்திரமாக இறக்கிவிட்ட கால். அது இப்போது மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியாமல் கிடந்தது. வாட்ச் திட்டத்தோடு சேர்ந்த சர்க்கரை கிளினிக்கில் டாக்டர் ஜெயசீலன் என்பவர் பார்த்தார்; எந்நேரமும் பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில் வைத்துக் குடித்துக்கொண்டும், இரண்டு நோயாளிக்கு ஒருமுறை எழுந்து உள்ளே போய்விட்டும் வருகிற மனிதர்.

"வாட்ச்லருந்து எண் ஒண்ணுமே கம்ப்யூட்டர்ல ஏறலையே பெரியவரே. எண் இல்லாம நான் மருந்த எப்படிக் கூட்ட, எப்படிக் குறைக்க? இப்படியே போனா விரலோட நிக்காது, பாதத்தையே எடுக்கணும்."

"ஊசி குத்திப் பாத்துருங்களேன் சார்."

"வாட்ச் வாங்கினவங்களுக்குக் குத்தக் கூடாதுன்னு திட்டத்துல இருக்கு."

வெளியே லேபில் பார்த்து வாங்கிவந்த காகிதத்தையும் நீட்டினார். அதை ஏற்றக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்றார் டாக்டர்.

சித்திரை வெயிலில் கம்பெனியிலிருந்து அனுராதா என்று ஒரு பெண் வந்து, வீடு வீடாக ஏறி, வாட்ச் உபயோகிக்க எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடுங்கள் என்று கேட்டாள். நயினார் வீட்டுக்கு வரும்போது உச்சிவேளை. முகமெல்லாம் சிவந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பூனை முந்தின நாள் பாலைக் கவிழ்த்துவிட்டதால் வீட்டில் உறை ஊற்றியிருக்கவில்லை. பகவதி உள்ளே போய் உள்ளே போய் வந்தாள். "வெயில்ல வந்த புள்ளைக்குக் குடுக்க ஒரு டம்ளர் மோர் இல்லையே," என்று புலம்பியபடி தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். நயினாருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஐந்து போட்டார். காலனியில் எல்லோருமே ஐந்துதான் போட்டிருந்தார்கள். வெயிலில் வந்த பெண்ணை முகத்தில் அடித்த மாதிரி அனுப்புவது எப்படி?

அதற்கப்புறம் வந்தது ஆயுத பூஜை. பஸ்காரர்களுக்கு தீபாவளியைவிட அது பெரிய நாள். ரிடையர்டு ஆனவர்களுக்கு பஸ் இல்லை. அதனால் சைக்கிள், மிக்ஸி, அரிவாள்மணை, தையல் மிஷின் என்று இருப்பதையெல்லாம் துடைத்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். அந்த வருஷம் வாட்ச்சையும் வைத்தார்கள். சும்மா கொடுத்ததானாலும் ஆயுதம் ஆயுதம்தானே. அதற்குப் பொட்டு வைக்கிற இடம் எது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லித்தரவில்லை. வாட்ச்சுக்கு அடிப்புறத்தில், மணிக்கட்டைத் தொடுகிற பக்கம், பச்சையாக மினுங்கும் ஒரு கண் இருந்தது. கண் இருக்கிற பக்கம்தானே நெற்றி? எல்லா வீட்டிலும் அந்தக் கண்மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, முன்னால் பொரியும் கடலையும் வெல்லமும் படைத்தார்கள். பூஜையில் இட்ட சந்தனத்தை பஸ்காரன் துடைக்க மாட்டான். தானாக உதிர வேண்டும். அப்படியே எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். லீவுக்கு வந்திருந்த செல்வராணி, "இனிமே யாரையும் கேக்காம தானா கிளினிக்குக்கு அனுப்பிரும்ப்பா," என்று அப்பாவின் வாட்ச்சில் எதையோ தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டாரும் கேட்கவே எல்லோருக்கும் தட்டிவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

வெல்லத்துக்கு வந்த எறும்புகள் வெல்லம் தீர்ந்த பிறகும் போகவில்லை. வேலை ஒன்று காலியாகக் கிடப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

முதலில் வந்தது நயினாரோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் தவசிக்கனி.

"எனக்கும் பாக்குமா வே?"

"எங்கிட்ட ஏன் கேக்கீரு? நானா எழுதுதேன்? செருப்பக் கழத்திட்டு சுவத்தோரமா நில்லும்."

தவசிக்கனி நின்றார். ஒரு சிறு படை இறங்கிவந்து அவர் கால் பெருவிரலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே ஏறியது. 287 கலைந்து 231 ஆயிற்று. அவர் வெளியே போய்ச் சொன்னார். மத்தியானத்துக்குள் வாசலில் கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் தவசிக்கனியின் கை தன்னால் சட்டைப் பையில் விசிலைத் தேடியது. முன்வாசலில் ஏறு, புறவாசலில் இறங்கு, படியில் நிற்காதே, செருப்பைக் கையில் எடு, பார்த்தவர் உள்ளே நகரு என்று அவர் சத்தம் போட, விசில் ஊத, ஒவ்வொருவராக வந்து நின்று, எண் வாங்கி, பகவதியின் அடுப்படி வழியாக வெளியே போனார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். சார்ஜ் போட வேண்டியதில்லை, ரகசிய எண் இல்லை, தூங்காது, காய்ப்பேறின விரலை வேண்டாம் என்று சொல்லாது. காலனிக் கடையில் எறும்பைக் கொல்லும் சாக்பீஸ் விற்பதை நிறுத்தினார்கள். வீடுகளில் விளக்குமாறுகளைப் புறவாசலில் சாத்தினார்கள். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்ட வாய், எறும்பு என்ன சொல்லுச்சு என்று கேட்கப் பழகியது.

ரிடையர்டு மெக்கானிக் மைதீன் பிச்சை, "இது பிரஷர் பாக்காதா?" என்று கேட்டார்.

"பிரஷருக்குக் கட்டெறும்புலா வரணும் பாய். நாங்குநேரி டிப்போவுல சொல்லி ஸ்பெஷல் விடச் சொல்லுதேன்," என்றார் தவசிக்கனி.

நயினார் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "நூத்திப்பத்து! எப்பப் பாத்தாலும் நூத்திப்பத்து. ஒங்களுக்கு மட்டுமில்ல, ஒங்க காலனியே நூத்திப்பத்து!"

"எறும்பு இருநூத்தம்பதுங்குது சார்."

"எறும்பா?" டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். மாத்திரையைப் பாதியாக்கினார்.

நயினார் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சுவர் சொன்னதைக் கேட்டார். பழைய மாத்திரை கையிருப்பை முழுசாகவே போட்டார், பகவதி வைத்ததை மட்டும் தின்றார், டிப்போ மதிலைச் சுற்றி நடந்தார். எண் மெல்ல இறங்கியது. புண்ணின் ஓரம் வெளுத்து, ஆறுகிற மாதிரி ஒரு வரப்புக் கட்டியது.

ஆனால் வாட்ச்சில் ஒரு சௌகரியம் இருந்தது. அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியாது. புரியாததால் டீக்கடையில் உட்கார்ந்து வடையும் தின்னலாம், வீட்டுக்குப் போய் "வாட்ச் வேலை செய்யல" என்று சலித்தும் கொள்ளலாம். எறும்பு முழ உயரத்துக்கு, தெருவே பார்க்க, பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது எழுதியது. கண் தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்ல வழியில்லை. சனிக்கிழமைதோறும் பென்ஷன் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லி இலவச பாஸில் திருநெல்வேலி போய்வந்த தவசிக்கனி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தானே விசில் ஊதி ஒழுங்குபடுத்திய வரிசையில், மனைவி ரோசம்மாளோடு சுவரோரம் நின்றார். 362.

ரோசம்மாள் சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பென்ஷன் ஆபீஸ்ல இப்பம் அல்வா தின்னாத்தான் கையெழுத்து வாங்குதாவளோ?"

வரிசையே சிரித்தது. சிரித்தவர்களும் அவரவர் முறை வந்தபோது சிரிக்கவில்லை.

அந்த வாரமே டீக்கடையில் வேறு பேச்சு கிளம்பியது. எறும்பு சுவரை அரித்துவிடும் என்றார் ஒருவர். எறும்பு வந்த வீட்டுக்குப் பின்னாலேயே பாம்பு வரும் என்றார் ஒருவர். நம் உடம்புக் கணக்கைச் சுவரில் எழுத அதுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மைதீன் பிச்சைகூடக் கேட்டார். வரிசை மெலிந்தது. பெண்கள் மட்டும் புருஷன்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பிறகு ஒரு மத்தியானம், நயினாரும் பகவதியும் கண்ணயர்ந்திருந்த நேரம், வடக்குச் சுவரின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாக்பீஸால் கனமாக ஒரு கோடு விழுந்திருந்தது. சுவர் வெறும் சுவராக நின்றது.

சாயங்காலம் தவசிக்கனி வழக்கம்போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கண்டக்டரே, கையில என்ன வெள்ளையா?" என்றாள் பகவதி.

"விபூதி."

"நீரு சர்ச்சுக்குப் போற வேதக்காரர்லா?"

தவசிக்கனி கையை வேட்டியில் துடைத்தார். பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவரை என்ன சொல்வது. அன்றிலிருந்து நயினார் அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான்.

கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்கள். பொரி வைத்தார்கள். வெல்லம் வைத்தார்கள். எறும்பு வரவில்லை. பழைய மாத்திரை தீர்ந்து, கிளினிக்கில் தந்த பாதி மாத்திரைதான் மிச்சம். மணிக்கட்டில் இருப்பது 110 என்கிறது, டாக்டர் 110 என்கிறார், அனுராதாவின் கம்பெனிக்கு ஏதோ பெரிய ஊரில் விழா எடுத்து, ஒரு காலனியையே 110-இல் நிறுத்திய சாதனைக்குக் கேடயம் கொடுத்த படம் பேப்பரில் வந்திருக்கிறது. இத்தனை பேர் சொல்லும்போது ஒரு மனிதன் தன் காலை மட்டும் நம்பிக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? நயினார் கூட ஒரு இட்லி கேட்டார். பகவதி வைத்தாள். டீயில் சீனி கேட்டார். புண்ணின் வரப்பு உடைந்தது. சுண்டுவிரல் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பகவதியைப் பயமுறுத்தியது.

கிளினிக்குக்குக் கிளம்பிய அன்று தெருமுனையில் தவசிக்கனி நின்றார்.

"டிரைவரு தனியா வண்டியெடுக்கக் கூடாதுவே," என்றார். நயினார் அவரைத் தாண்டி நடந்தார். தவசிக்கனி பின்னாலேயே வந்தார்.

டாக்டர் திரையைப் பார்த்தார், நூற்றுப்பத்து. காலைப் பார்த்தார், கறுப்பு. மறுபடி திரையைப் பார்த்தார். "சுகர் இவ்வளவு நல்லாயிருக்கையில புண் ஏன் ஆறல? வயசு காரணமா இருக்கலாம்," என்றார். பாதத்துக்கு மேலே, கணுக்காலுக்குப் பக்கத்தில் பேனாவால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இந்த இடத்தோட எடுத்துட்டா மேல ஏறாது."

நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே "ஐயோ" என்று கையை எடுத்தாள்.

சாக்பீஸ் கோட்டுக்குத் தப்பிய எறும்புகள் அத்தனையும், தாங்கள் நடந்தாலும் உணர்ச்சி தெரியாத அந்தக் காலின் கட்டுக்குள்தான் குடியிருந்திருக்கின்றன. துணி மடிப்பிலிருந்து வரிசையாக இறங்கி, தரையைக் கடந்து, மேஜைக்கு அடியில் புகுந்து, டாக்டரின் செருப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் ஏறின. 418.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். ஆனாலும் வாசித்துவிட்டார்.

"என்னது, நானூத்திப் பதினெட்டா? ஒங்களுக்கா?"

"எனக்கில்ல சார்," என்றார் நயினார். "அது யார் கால மொதல்ல சுத்துதோ அவங்களுக்கு. எனக்கு இனிமேத்தான் எழுதும்."

தவசிக்கனி எழுந்தார். "நான் செத்த வெளிய நிக்கேன்," என்று, எறும்பு தன் பக்கம் திரும்புவதற்குள் போய்விட்டார்.

டாக்டரின் கை தானாகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போய் பாதியில் நின்றது. சுவரில் 418 கலைந்து, எறும்புகள் நயினாரிடம் வந்துபோய், 376 ஆயின. டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டத்தில் குத்தக் கூடாது என்றிருந்த ஊசியை, பூட்டியிருந்த அலமாரியிலிருந்து எடுத்து, முதலில் தன் விரலில் குத்தினார். பிறகு நயினார் விரலில். இரண்டையும் பார்த்தார். சுவரையும் பார்த்தார். ஒன்றுக்கொன்று பிசகு இல்லை.

அப்புறம் நயினாரின் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றித் திருப்பி, நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன?"

"சந்தனம் சார்."

"இதுல எதுக்கு?"

"ஆயுத பூசைலா."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

டாக்டர் வாட்ச்சை மேஜைமேல் வைத்தார். "அப்ப நான் இத்தன நாளா சந்தனத்துக்கு வைத்தியம் பாத்திருக்கேன்," என்றார்.

பாதம் தப்பியது. சுண்டுவிரல் தப்பவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதினார், தனக்கும் எழுதிக்கொண்டார், அதன்பின் வாட்ச் கட்டிய ஒவ்வொருவருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி குத்தினார். காலனியில் சந்தனத்தைச் சுரண்டினார்கள். கேடயம் வாங்கிய 110 ஒரே நாளில் காணாமல் போயிற்று. எறும்புகள் நயினாரின் வீட்டுக்கே திரும்பி வந்து வடக்குச் சுவரில் வேலையைத் தொடர்ந்தன. தவசிக்கனி புது விசில் வாங்கினார்; முதல் ஆளாகத் தானே செருப்பைக் கழற்றி நின்றார். அன்றைக்குத்தான் நயினார் அவரிடம், "தள்ளி நில்லும் வே, எனக்கு மறைக்கு," என்று பேசினார். வரிசை முன்பளவு நீளமில்லை. டீக்கடையில் கொஞ்சம் பேர் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அடுத்த சித்திரையில் அனுராதா மறுபடி வந்தாள். அதே வெயில், அதே உச்சிவேளை. நயினார் காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எங்க வாட்ச்சுக்கு மறுபடி மார்க் எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒண்ணுலருந்து அஞ்சு."

"மொதல்ல உக்காரும்மா."

பகவதி பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்தாள், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு. அனுராதா ஒரே மூச்சில் குடித்தாள். பகவதி இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அதையும் குடித்து முடிக்கிறவரை நயினார் காத்திருந்தார்.

"முட்டை போட்டுக்கோ," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுதான் ஐயா கடைசி. முட்டை கிடையாது."

"அப்ப நீயே ஒண்ண உண்டாக்கிப் போடு. எழுத்து தெரியல, விரலத் தெரியல, கேட்டா எம்மகளுக்குப் பதில் சொல்லுது. அந்தச் சுவத்தப் பாரு." சுவரில் 142 என்று இருந்தது. "வந்து நின்னா, தெரிஞ்சுது. அது மாதிரி ஒண்ணு செய்ய ஏலுமா?"

அனுராதா சுவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். சுண்டுவிரல் இருந்த இடத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது.

"அப்ப போன தடவ ஏன் ஐயா அஞ்சு போட்டீங்க? நீங்க எல்லாரும் போட்ட அந்த அஞ்சக் காட்டித்தான் இன்னும் ஆறு ஊருல கட்டிவிட்டிருக்கோம்."

நயினார் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு வீட்டுல மோர் இல்லம்மா," என்றார்.